பின்சீட்டுக் கூரை

சுவோன்,
14 செப்டம்பர் 1995

அன்புள்ள ஹே-ரிம் அம்மாவுக்கு,

உன் கணவன் தோ பியோங்-சு எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். அங்கே நீயும் மகள் ஹே-ரிமும் மாப்பிள்ளையும், நான் இன்னும் போட்டோவில்கூடப் பார்க்காத என் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளை பெற்றவள் கடற்பாசி சூப்பை ஒழுங்காகக் குடிக்கிறாளா? சின்ன வயதிலேயே அதைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். சிட்னி வரைக்கும் போயும் அந்தக் குணம் மாறியிருக்காது. பக்கத்தில் நின்று குடிக்க வை.

டெலிபோனில் நாம் பேசுவது ஒரு பேச்சா? சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு, அவ்வளவுதான். அதற்குள் குழந்தை அழும், நீ ஓடிவிடுவாய். அதனால்தான் இருபது வருடம் கழித்துக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ போட்டு வைத்துப் போன கிம்ச்சி ஊறுகாய் தீர்ந்துவிட்டது. சந்தையில் வாங்கி உன் ஜாடியிலேயே போட்டு வைத்தேன். அப்பா ஒரு வாய் வைத்ததுமே, "இது மருமக கை இல்ல. யாரடா ஏமாத்தப் பாக்குற?" என்று சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். வயது எழுபத்தேழு, நாக்குக்கு மட்டும் பதினேழு. அந்த ஊரில் டிரைவர் நம் ஊர் மாதிரி இடப்பக்கம் இல்லாமல் காரின் வலப்பக்கம் உட்காருகிறான் என்று நீ சொன்னதிலிருந்து அவருக்கு அதே கவலை. "அப்போ பெரியவங்க எங்க உக்காருவாங்க? மரியாதை எந்தப் பக்கம்?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். விசாரித்து எழுது, எனக்கு நிம்மதி.

சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு நம் சொந்த ஊர் ஜின்ஜு போய்வந்தோம். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் வேலையிடத்துப் படியில் கால் தவறி, வலது கணுக்கால் வீங்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, இப்போது நடக்கிறேன். ஆனால் கார் ஓட்ட முடியாது என்பதால் தம்பி ஓட்டினான். அப்பா வழக்கம்போல முன்சீட்டு. தம்பி மனைவியும் நானும் பின்னால். அதாவது நான் உன் இடத்தில்.

ஆறு வருடமாக நம்மிடம் இருக்கும் கார். அதன் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நம்புவாயா? வீட்டில் இருந்து ஜின்ஜு போய்ச் சேரப் பதினொரு மணி நேரம். ஒரு மணி நேரம் ஆவதற்குள் என் தலை கூரையில் இடிக்க ஆரம்பித்தது. சாய்ந்து பார்த்தேன், இடுப்பு வலித்தது. நிமிர்ந்து பார்த்தேன், உச்சந்தலை இடித்தது. கடைசியில் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, யாரிடமோ கோபித்துக்கொண்டவன் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனேன். அதைப் பார்த்துத் தம்பி மனைவி சிரித்துவிட்டாள். "அக்காவும் இப்படித்தான் அத்தான் வருவாங்க. உங்க மேல ஏதோ கோவம்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

நான் உன்னைவிட நான்கு விரல் குட்டை. கல்யாணத்தின்போது பெண் உயரம் அதிகம் என்று அப்பா மூன்று மாதம் முறுக்கிக்கொண்டு இருந்ததை மறந்திருக்க மாட்டாய். எனக்கே இடித்தால் உனக்கு? தலையைத் தூக்கிப் பார்த்தேன். உன் இடத்துக்கு நேர் மேலே கூரைத் துணியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுத்த வட்டம். உன் தலை உரசி உரசி வந்த அழுக்கு. காரை வாராவாரம் கழுவுகிறவன் நான். என் கண்ணில் ஒரு நாளும் படவில்லை.

ஒவ்வொரு பண்டிகை முடிந்தும் நீ கழுத்தில் வலிப்பட்டை ஒட்டிக்கொண்டு திரிவாய். எங்கள் வீட்டு அடுப்படியில் குனிந்து வேலை செய்ததால் என்று நினைத்திருந்தேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் கார் கம்பெனியில் அந்தக் கூரையின் மாதிரியைக் களிமண்ணில் சீவி வடித்தவன் நான்தான். அது அழகுக்குப் பரிசு வாங்கியபோது அடுக்ககத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நீ.

இனி எழுதப்போவது கம்பெனி ரகசியம். வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு. மாப்பிள்ளை கண்ணில் பட வேண்டாம். தங்கமானவர்தான், ஆனால் ஜப்பான் கார் வைத்திருக்கிறார்.

நம் காரின் அடுத்த உருவத்தைச் செய்துகொண்டிருக்கிறோம். இரண்டு வருடத்தில் தெருவுக்கு வரும். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், ஒரே களிமண் காரில் இரண்டு காரைச் செய்வோம், வலப்பாதி ஒன்று, இடப்பாதி ஒன்று. இந்தத் தடவை வலப்பாதி எங்கள் குழுத்தலைவர் பாங் வரைந்தது. கூரை பின்னால் வழுக்கிக்கொண்டு இறங்கும். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. இடப்பாதி மியோங் என்ற பெண் வரைந்தது. கூரை உயரம், கொஞ்சம் சாது. எல்லோரும் வலப்பாதிதான் ஜெயிக்கும் என்கிறார்கள். அதைச் சீவியதும் நான்தான், எனக்கும் அதன் மேல்தான் ஆசை. ஆனால் அது இப்போதுள்ள கூரையைவிட ஒரு விரல் தாழ்வு.

ஊரிலிருந்து வந்த மறுநாளே பாங்கிடம் சொன்னேன். அவர், "பின்னாடி உக்கார்றது கொழந்தைங்கதானே, தோ? அதுங்களுக்கு என்ன உயரம்?" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். பதினைந்து வருட நண்பர், நானும் களிமண்ணைச் சீவப் போய்விட்டேன். இருபத்தெட்டாம் தேதி கம்பெனியின் துணைத் தலைவர் வந்து பார்த்து முடிவு சொல்வார். ஒரு தடவை முடிவானால் ஆறு வருடத்துக்கு அந்தக் கூரைதான், நாட்டில் பாதிக் குடும்பங்களுக்கு.

குழந்தையைக் குளிரில் வெளியே எடுக்காதே. உன் கழுத்து இப்போது எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
தோ பியோங்-சு


சுவோன்,
5 அக்டோபர் 1995

அன்புள்ள ஹே-ரிம் அம்மாவுக்கு,

உன் கடிதமும் பேத்தியின் போட்டோவும் வந்து சேர்ந்தன. மூக்கு நம் வீட்டு மூக்கு, பாவம். அப்பா போட்டோவை அரிசிப் பெட்டிமேல் சாய்த்து வைத்து, சாப்பிடும்போதெல்லாம் அதோடு பேசுகிறார். கழுத்து நன்றாக இருக்கிறது, பழைய கதையை எல்லாம் எதற்குக் கிளறுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். கிளறத்தான் போகிறேன். நடந்ததைக் கேள்.

துணைத் தலைவர் வருவதற்கு முந்தைய வாரம் முழுக்க ஒத்திகை. களிமண் காரை வெளியிலிருந்து பார்க்கத்தான் முடியும். ஏறி உட்கார்ந்து பார்ப்பதற்கென்று மரத்தில் தனியாக ஒரு கூடு செய்து, சீட்டுப் போட்டு, அதிலும் வலப்பக்கம் பாங்கின் கூரை, இடப்பக்கம் மியோங்கின் கூரை வைத்திருந்தோம். தினமும் ஆள் மாற்றி ஆள் ஏறினோம், இறங்கினோம். கதவு எப்படித் திறக்கிறது, கால் எங்கே போகிறது என்று எல்லாம் குறித்தோம்.

ஆனால் எல்லோரும் ஏறியது இடப்பக்கம். டிரைவர் வைத்து ஓட்டும் காரில் பின்சீட்டின் வலது மூலை பெரியவர்கள் இடமாயிற்றே! துணைத் தலைவர் உட்காரப் போகும் இடத்தில் அவருக்கு முன்னால் யார் உட்காருவது? யாரும் உட்காராதே என்று சொல்லவில்லை, யாருக்கும் தோன்றவுமில்லை. சீட்டுக்கு வெள்ளைத் துணி விரித்து, தினமும் தூசி தட்டி வைத்தோம். கடைசி நாள் நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாங்கிடம், ஒரு தடவை வலப்பக்கம் ஏறிப் பாருங்கள் என்றேன். "என்னோட பின்பக்கத்துக்கு அவ்வளவு தகுதி இருக்கா தோ? நீ வேணும்னா ஏறு" என்றார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நானும் ஏறவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு வந்தார். முதலில் களிமண் காரைச் சுற்றி நடந்தார். வலப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். இரண்டு நிமிடம் அதையே பார்த்தார். பாங்கின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பவன் மாதிரி. பிறகு மரக் கூட்டுக்கு வந்தார். பாங் கதவைத் திறந்து குனிந்து நின்றார். துணைத் தலைவர் வழக்கம்போல வலப்பக்கமாக, வீட்டுக் காரில் ஏறுவது போலவே சர்ரென்று ஏறினார்.

இடித்த சத்தம் கூடத்தின் மறுகோடி வரை கேட்டது.

மூக்குக் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. வழுக்கையை மறைத்து வாரியிருந்த முடி நெற்றியில் விழுந்துவிட்டது. குழுவில் இருந்த பதினோரு பேரும் ஒரே சமயத்தில் தொண்ணூறு பாகை குனிந்தோம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பும் வந்தது, உயிரும் போனது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உள்ளே கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்தபடியே பாங்கைக் கேட்டார்.

"ஏம்ப்பா, நீ இதுல உக்காந்து பாத்தியா?"

"இல்லீங்க... அது ஐயாவோட இடம்..."

"வேற யாராவது?"

ஒன்றரை வருட வேலை. காரின் ஒவ்வொரு அங்குலத்தையும் தடவிப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தோம். அவரோ இறங்கிவந்து, "வரிசையா நில்லுங்க. ஒவ்வொருத்தரா ஏறுங்க" என்றார். ஏறினோம். பாங்கின் தலை இடித்தது. என் தலை இடித்தது. மியோங் உயரம் குறைவு, அவளுக்கே முடி உரசியது. பிறகு அவரே இடப்பக்கம் போய், இத்தனை வருடத்தில் அவர் உட்கார்ந்தே இராத மூலையில் ஏறிக் கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சரி, ஒங்க வீடுகள்ல பின்னாடி யாரு உக்காருவாங்க?" என்று கேட்டார்.

பாங் மெதுவாக, அழகுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் என்று வாங்குகிறவர்கள் நினைப்பார்கள் என்றார். அப்போதுதான், எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, நான் பேசிவிட்டேன்.

"என் பொண்டாட்டி உக்காருவாங்க ஐயா. இப்ப ஓடுற காரோட கூரையையும் நான்தான் சீவினேன். தலையில இடிக்குதுன்னு ஒரு தடவ சொன்னாங்க. முடிய வெட்டிக்கோன்னு சொன்னேன். வெட்டிக்கிட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். பாங் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை.

துணைத் தலைவர், "அந்தம்மா இப்ப எங்க?" என்றார். சிட்னியில், மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். "எப்ப வர்றாங்க?" நவம்பர் கடைசியில் என்றேன். "அதுக்குள்ள கூரையத் தூக்கிடுங்க" என்று பாங்கிடம் சொல்லிவிட்டு, முடியை வாரிக்கொண்டே போய்விட்டார். மியோங்கின் கூரை உயரம், பாங்கின் ஜன்னல் கோடு, இரண்டையும் சேர்க்க வேண்டும். உத்தரவு அவ்வளவுதான்.

பாங் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு கையிலும் மெஷின் காபியோடு வந்து, ஒன்றை என் பக்கத்தில் வைத்தார். "வலப்பக்கத்த மூணு விரல் தூக்கணும். தூக்கியும் கண்ண எடுக்க முடியாத மாதிரி இருக்கணும். முடியுமா?" என்றார். முடியாது என்றால் விடுவாரா? இரண்டு பேருமாகச் செய்துகொண்டிருக்கிறோம். பின்பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் நிமிர்த்தி, டிக்கி மூடியைக் கொஞ்சம் உயர்த்தினோம். நேற்று மாலை வெயில் அதன்மேல் விழுந்தபோது பாங் அதையே பார்த்தபடி சிகரெட் பற்ற வைத்தார். நல்ல சகுனம். எனக்கும், உண்மையைச் சொல்கிறேன், பழையதைவிட இது பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வரும்போது பாட்டு முணுமுணுக்கிறேன் என்று அப்பா முறைக்கிறார்.

இப்போது நமக்குள் ஒரு விஷயம்.

போன வருடம் வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சமையலறையில் நின்றுகொண்டு, காரில் கூரை தலையில் இடிக்கிறது என்று சொன்னாய். நான் சிரித்துக்கொண்டே, கூரையை வெட்ட முடியாது, முடியை வேண்டுமானால் வெட்டிக்கொள் என்றேன். கூரையை வெட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவன் சொன்ன பேச்சு அது. மறுநாள் நீ முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாய். நான் செய்தித்தாளில் இருந்து தலையை எடுக்காமலே, நல்லாத்தான் இருக்கு என்றேன். பக்கத்து வீட்டுக்காரி ஏன் வெட்டினாய் என்று கேட்டபோது, வெயில் காலம் வருகிறதே என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. நானும் அதையே நம்பிவிட்டேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. பதினோரு பேர் முன்னால் சொன்னதை உன்னிடம் சொல்ல இத்தனை நாள் ஆயிற்று. தப்பு என்னுடையது. பொறுத்துக்கொள்.

போட்டோவில் பேத்தியைத் தூக்கி வைத்திருக்கும்போது உன் முடி காதைத் தாண்டி வளர்ந்திருப்பதைப் பார்த்தேன். அங்கே பார்லர் பக்கம் போகாதே. முன்புபோலச் சுருட்டி, எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் தூக்கி வைத்துக்கொள். பிறகு ஒரு நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, சீட்டில் இருந்து முடியின் உச்சி வரை ஹே-ரிமை அளக்கச் சொல். எண்ணை மட்டும் ஒரு அட்டையில் எழுதி உடனே தபாலில் போடு. நவம்பர் முதல் தேதி களிமண் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும், அது வரை நான் கூரையில் கை வைக்கலாம்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தோ பியோங்-சு