வெளிச்சம் குறையும் மாதம்

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். மீன் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது. மேலாளர் உட்பட இங்கே பாதிப் பேர் தமிழர்கள்தான். நீ பயப்படுவாய், தெரியும். ஆனால் இங்கே இரவு பன்னிரண்டுக்கும் வானம் பால் மாதிரி இருக்கிறது; தெருவில் நின்று பேப்பர் படிக்கலாம். நம் ஊரில் எந்த மாதமானாலும் ஏழு மணிக்குள் பொத்தென்று இருட்டிவிடும். உலகின் வடகோடிப் பக்கம் வர வர, கோடையில் அப்படியில்லையாம். எனக்கு மாலைக்கண் இருப்பதே மறந்துவிட்டது. வேலைக்கு எடுத்தபோது இவர்களும் கண் சோதனை என்று பகலில் எழுத்தைப் படிக்கச் சொன்னதோடு சரி.

உன் தம்பி

ஜூலை 9

என் தம்பிக்கு,

நீ சந்தோஷமாக இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் டியூஷன் விட்டு வரும்போது என் கையை விடாமல் நடந்த பயல் நீ. கோடை முடிந்தால் அந்த வெளிச்சம் இருக்குமா? மேலாளரிடம் இப்போதே சொல்லி, பகல் ஷிப்ட் கேள்.

அக்கா

செப்டம்பர் 14

அக்கா,

பதில் தாமதம், கோபிக்காதே. இங்கே நாளுக்கு ஏழு நிமிடம் வெளிச்சம் குறைகிறது. நேற்று மேகம்; நிலாவும் இல்லை. திருப்பத்தில், எனக்கு நேர் பின்சீட்டுப் பெண் "அண்ணே, ஆளு! ஆளு!" என்று கத்தினாள். பிரேக் போட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர். எனக்கு அவர் தெரியவே இல்லை. "தூக்கமாண்ணே?" என்றாள். ஆமாம் என்றேன். பஸ்ஸில் இருபத்திரண்டு பேர்.

பனி விழுந்தால் தரை வெள்ளையாகி, நிலா வெளிச்சமே போதும் என்கிறார்கள். அதுவரை சமாளித்துவிடுவேன். யாரிடமும் மூச்சு விடாதே.

தம்பி

செப்டம்பர் 26

தம்பிக்கு,

நீ போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். உன் மேலாளரிடம் சொன்னது நான்தான். அவசரத்துக்கென்று நீ கொடுத்த எண். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், அவ்வளவுதான். அந்த இருபத்திரண்டு பேருக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்களே! என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. ஆனால் எழுதித் திட்டு.

அக்கா

அக்டோபர் 30

அக்காவுக்கு,

என்னை பேக்கிங் பிரிவில் போட்டுவிட்டார்கள். பஸ் இப்போது வேறொருவரிடம். நேற்று நானும் அதில் ஏறி, நடுவில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே எனக்கு வெறும் கறுப்பு. பக்கத்தில் இருந்தவர்கள், "அதோ நாய் ஓடுது பாரு", "அந்த வீட்ல புதுசா கேட் போட்டிருக்கான்" என்று பேசிக்கொண்டே வந்தார்கள். இந்தத் தெருவிலா இத்தனை வாரம் ஓட்டினேன்?

நீ செய்தது சரிதான். அது தெரிந்தும், உன்னோடு பேச இப்போது மனம் வரவில்லை. கொஞ்ச நாள் எழுதாதே, அக்கா. முடிந்தபோது நானே எழுதுகிறேன்.

தம்பி