எட்டுச் செலவன்று மூடிய கதவு

மச்சாள்,

இன்று காலையில் குசினிக்குள்ளிருந்து மயிர் கருகும் மணம் வந்தது. முற்றம் கூட்டிக்கொண்டு நின்ற நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். பெரிதாக ஒன்றுமில்லை. அடுப்பில் இருந்த மீன் சட்டிக்குள் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்க்கப்போய், உம்முடைய பூனை பஞ்சி ஒரு பக்கத்து மீசையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. நான் போனபோது ஒன்றும் நடக்காததுபோல மேசைக்குக் கீழே இருந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தது. அடுப்பை நிற்பாட்டினேன். சிலிண்டரைப் பூட்டினேன். பிறகு கதிரையில் இருந்தவள்தான், கால் நடுக்கம் அடங்கும்வரை எழும்ப முடியவில்லை.

நீர் போய்ப் பத்து மாதமாகிறது. பூனை மயிர் கருகினதற்கு ஒரு மனுசி இப்படி நடுங்குவாளா என்று முன்னொரு காலத்தில் நான்தான் கேட்டிருப்பேன். எனக்கு வாய் நீளம். இருபத்திரண்டு வருடம் சுருவில் ஊரில் இந்த வீட்டில் அண்ணைக்குப் பெண்சாதியாக நீரும், கலியாணம் கட்டாத தங்கச்சியாக நானும் ஒரே குசினியில் புழங்கியதில், அந்த வாயை ஒரு நாளும் குறை சொல்லாத ஒரே ஆள் நீர்தான்.

பஞ்சியைக் கொண்டுவந்ததும் நீர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்டிக் கடற்கரையில், வந்து போன சனம் எறிந்த சோற்றுப் பார்சல்களுக்கு நடுவில் நின்ற குட்டியைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினீர். கொண்டெக்டர் முறைத்தார், நீர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர். எந்நேரமும் படுத்தே கிடந்ததால், சோம்பேறிக்கு ஏற்ற பேர் என்று பஞ்சி எனக் கூப்பிட்டீர். பேர் வைத்து ஒரு மாதம் ஆகவில்லை, அதன் பஞ்சியெல்லாம் பறந்துவிட்டது. மூடியிருந்தால் திறக்க வேண்டும், உயரத்தில் இருந்தால் ஏற வேண்டும், அசைந்தால் அடிக்க வேண்டும். வீட்டில் அசைகிற பொருட்களிலே அதற்கு மிகவும் பிடித்தது நெருப்புத்தான்.

இருட்டுப்படுகிற ஒரு மைம்மல் பொழுதில் கறன்ட் போனது உமக்கு நினைவிருக்கும். நான்தான் போத்தல் விளக்கைக் கொளுத்தி, பழைய பேப்பர் அடுக்கியிருந்த தட்டில் வைத்தேன். வெளிச்சத்துக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்குப் பல்லி வந்தது, பல்லிக்குப் பஞ்சி பாய்ந்தது. விளக்கு விழுந்து மண்ணெண்ணெய் சிந்த, நெருப்பு நிலத்தில் என் காலை நோக்கி ஓடிவந்தது. நான் தண்ணீர் வாளியைத் தூக்கினேன்.

“ஊத்தாதையும்! எண்ணெய் நெருப்பு, மிதந்து பரவும்!” என்று கத்திக்கொண்டு வந்தீர். வாசலில் கிடந்த கால் துடைக்கிற சாக்கை அந்த வாளிக்குள்ளேயே தோய்த்து எடுத்து நெருப்புக்கு மேலே போட்டு மூடினீர். இன்னொரு சாக்கு. அவ்வளவுதான், நூர்ந்துபோயிற்று. நான் பூனையைத் திட்டத் தொடங்கினேன். நீர் நிலத்தில் குந்தியிருந்து மூச்சு வாங்கியபடி சொன்னீர்: “அதைப் பிழை சொல்லாதையும். அதுக்கு நெருப்பெண்டால் என்னெண்டு தெரியாது. எங்களுக்குத் தெரியும்.”

அடுத்த நாள் தொடங்கியது உம்முடைய சட்டம். சாமி விளக்கு, மண் நிரப்பிய அகலச் சட்டிக்குள் போனது. நுளம்பு கடிக்காமல் கொளுத்துகிற திரிக்கு மேலே மா அரிக்கிற பழைய இரும்பு அரிதட்டைக் கவிழ்த்தீர். மெழுகுதிரி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. அடுப்புத் திருகியைப் பூனை தட்டிவிடும் என்று, சமைத்து முடிந்ததும் சிலிண்டர் வாயையே பூட்டச் சொன்னீர். அது கடித்த ரேடியோ வயரை அண்ணை புதிதாக மாற்றும்வரை ரேடியோ ஊமையாகக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: யார் நெருப்புப் பெட்டியைத் தொட்டாலும் முதலில் “பூனை எங்கை?” என்று கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் குச்சி உரசலாம்.

“அடுப்பு மூட்டுறதுக்கு முதல் பூனையிட்டைக் கையெழுத்தும் வாங்கவேணுமோ மச்சாள்?” என்று நக்கலடித்தேன்.

“சிரியும், சிரியும். இந்தச் சோளகக் காத்துக்கை எங்கடை ஓலை வேலி பத்தினால், யாழ்ப்பாணத்திலையிருந்து தீயணைக்கிற வண்டி கடலுக்குள்ளாலை போற தாம்போதி ரோட்டைத் தாண்டி வந்து சேரேக்கை சாம்பலைத்தான் பார்க்கும்.”

பாரிசவாதம் வந்து அண்ணைக்கு இடப்பக்கம் விழுந்த பிறகு உம்முடைய பயம் இரண்டு மடங்காயிற்று. “நீரும் நானும் ஓடுவம். அவராலை ஏலாது” என்பீர். அவருடைய அறைக்கு வெளிவாசல் கிடையாது. நடு அறைக்குள்ளால்தான் போகவேண்டும், இடையில் கதவில்லை, ஒரு திரைச்சீலை மட்டும். வெளிச்சுவரில் ஒரு வாசல் வெட்டவேண்டும் என்று மேசனைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினீர். வெட்டுவதற்குள் நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர். போன வழியால் நீர் நடந்து வரவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. உமக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கவேண்டும் என்று, உம்முடைய பெரியம்மாவின் மகள் கனகக்கா முதல் நாளே வந்துவிட்டா. விளைமீன் பொரியல், நண்டுக் குழம்பு, முட்டை, பிட்டு. பொரித்தது நான். கண்ணீரோடு பொரித்ததில் இரண்டு துண்டு கருகியது. நடு அறையில் வாழையிலை விரித்து எல்லாம் பரிமாறினோம். பக்கத்தில் பேணியில் தண்ணீர் வைத்தோம். வெளிநாட்டிலிருந்து வந்த, நீர் ஒரே ஒரு தரம் கட்டின அந்த ஊதாச் சீலையை மடித்து வைத்தோம். அண்ணையைத் தூக்கி வெளியே இருத்துவோம் என்றேன். அவர் மறுத்துவிட்டார். “நான் இஞ்சையே கிடக்கிறன். திரையை மட்டும் இழுத்துவிடுங்கோ.” எட்டு நாளில் அவர் கேட்ட ஒரே விஷயம் அதுதான், எப்படி மாட்டேன் என்பது?

சோளகம் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. விளக்கு நூர்ந்துவிடக்கூடாது என்று யன்னலெல்லாம் சாத்தினேன். உம்முடைய மண் சட்டியை எடுத்து வந்தேன். “செத்த வீட்டு விளக்கை ஆரும் சட்டிக்கை வைப்பினமோ?” என்றா கனகக்கா. திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். நெருப்புப் பெட்டியை நானே எடுத்தேன், குச்சியை நானே உரசினேன். பூனை எங்கே என்று நான் கேட்கவில்லை, மச்சாள். நீர் செத்த நாளிலிருந்து அது அண்ணையின் கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கிறது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

செத்தவர் ஆறுதலாக வந்து சாப்பிடவேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு விறாந்தையில் இருந்தோம். கனகக்கா, நான், இன்னும் நாலைந்து பெண்கள்.

முதலில் பேணி உருண்டது.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். “வந்திட்டாள்” என்றா கனகக்கா, மூச்சுக்குள். பிறகு இலை இழுபடுகிற சத்தம். பிறகு முள் கடிபடுகிற சத்தம், நொறுக் நொறுக்கென்று. நீர் மீன் முள்ளைச் சப்பித் தின்கிற ஆள். அதைக் கேட்க எனக்கு நெஞ்சுக்குள் பயமும் வந்தது, சந்தோசமும் வந்தது. எது கூட என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பசியோடு போகவில்லை, வந்து சாப்பிடுகிறீர் என்று நினைத்து அழுதேன்.

அடுத்தாற்போல் ஏதோ பாரமாகச் சரிந்தது. கொஞ்சத்தில் பிளாஸ்டிக் உருகுகிற மாதிரி ஒரு மணம். நான் எழும்பிப் போய்க் கதவில் கை வைத்தேன். கனகக்கா மணிக்கட்டைப் பிடித்தா.

“திறக்காதை பிள்ளை. அரை வயித்தோடை எழும்பிப் போயிடுவாள்.”

கனகக்கா பிடித்ததால்தான் நின்றேன் என்று பிறகு ஊருக்கெல்லாம் சொன்னேன். அவ பிடித்தது உண்மை. எழுபது வயதுப் பெண்ணின் பிடி அது, உதறியிருக்கலாம். மணத்தை என் மூக்கு முதலிலேயே கண்டுபிடித்துவிட்டது. எனக்குத்தான் திறக்க விருப்பமில்லை. திறந்தால் நீர் இல்லாத அறையைப் பார்க்க வேண்டிவரும். அதற்குப் பயந்து நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. கதவுக்குக் கீழால் கறுப்புப் புகை வந்து என் பாதத்தைத் தொட்டபோதுதான் அண்ணை உள்ளே படுத்திருக்கிறார் என்பது நினைவு வந்தது. கூடப்பிறந்தவரை மறந்துபோயிருந்தேன், மச்சாள்.

கதவைத் தள்ளினேன். விளக்கு சரிந்து கிடந்தது. ஊதாச் சீலை முழுக்கப் பிடித்து, அதிலிருந்து நெருப்பு திரைச்சீலையில் ஏறிக்கொண்டிருந்தது. வாலில் புகையோடு பஞ்சி என் கால்களுக்கு நடுவால் பாய்ந்து ஓடியது. திரையை வெறுங்கையால் பிடித்து இழுத்து விழுத்தினேன். அப்போது நோகவில்லை, பிறகு ஒரு மாதம் நொந்தது. அண்ணையைப் படுக்கை விரிப்போடு சேர்த்து நிலத்தில் இழுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. கனகக்காவுக்கு நான் ஒன்று சொல்லவேண்டும்: அவதான் சாக்கைத் தோய்த்துக்கொண்டு முதலாவதாக உள்ளே போனவ. மற்றப் பெண்கள் கிணற்றடியிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்தார்கள். கூரை மரத்தில் நெருப்பு ஏறவில்லை. ஏறியிருந்தால் அந்தக் காற்றில் இந்த ஒழுங்கையில் ஒரு வீடும் மிஞ்சியிராது.

அண்ணை இருமினார், இருமி இருமிக் கண்ணால் தண்ணீர் வந்தது. அதைவிட வேறு சேதமில்லை. நித்திரையாகப் போயிருப்பார், அதனால்தான் கூப்பிடவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து வந்த சனமெல்லாம் போன பிறகு, ஒரு நாள் அண்ணைக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். வாய் இன்னும் கொன்னல்தான், ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

“நான் அண்டைக்கு நித்திரை இல்லை, தங்கச்சி. முழிச்சுத்தான் கிடந்தனான். பேணி உருண்டது கேட்டது. முள்ளுக் கடிக்கிறதும் கேட்டது.”

வாயோரத்தில் வடிந்த கஞ்சியைத் துடைத்துவிட்டேன்.

“பிறகு புகை மணந்தது. கூப்பிடுவம் எண்டு வாயைத் திறந்தனான். கூப்பிட்டால் அவள் எழும்பிப் போயிடுவாள் எல்லே. சும்மா கிடந்தனான்.” பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார். “சாப்பிட்டு முடிச்சவளோ?”

திரைக்கு அந்தப் பக்கம் நடந்தது அவருக்குத் தெரியாது. பூனை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டியவள் நான்.

“ஓம் அண்ணை. முடிச்சவ.”

அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு சொல்லோடு இப்போது எனக்கு ஒவ்வொரு நாளும் பயம். ஏனென்றால் அவர் நம்பிவிட்டார். மைம்மலானால் நடு அறையில் உம்முடைய படத்துக்கு விளக்கு வைக்கச் சொல்கிறார், கதவைச் சாத்தச் சொல்கிறார். பட்டறி விளக்கு ஒன்று வாங்கி வைத்தேன். “இதென்ன விளக்கு, சூடில்லாமல்?” என்று அன்றைக்கு முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். இப்போது கண்ணாடிக் கூடு போட்ட விளக்கு, உம்முடைய மண் சட்டிக்குள். திரைச்சீலையே கிடையாது. நீர் காட்டின இடத்தில் வெளிவாசலும் வெட்டியாயிற்று. தோய்த்த சாக்கு இரண்டு வாளிக்குள் எப்போதும் கிடக்கும். குச்சி உரச முதல் “பூனை எங்கை?” என்று சத்தமாகக் கேட்கிறேன், ஒழுங்கையால் போகிறவர்கள் சிரித்தாலும் கேட்கிறேன். பூனையைப் பிடித்துக் குசினிக்குள் விட்டுக் கொளுக்கி போடுகிறேன். அப்படியும் அது எந்த ஓட்டைக்குள்ளால் வருகிறதோ தெரியாது, வந்துவிடுகிறது. அதை எங்கேயாவது கொண்டுபோய் விடு என்று கனகக்கா சொல்கிறா. நீர் சீலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்ததை நான் எந்தக் கையால் கொண்டுபோய் விடுவது?

கதவைச் சாத்திவிட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருக்கிறேன். விளக்கு எரிகிற அந்த அரை மணித்தியாலம் வேறு ஒரு வேலையும் ஓடாது. உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்டால் போதும், அடுத்த மூச்சு எடுக்க முதல் திறந்துவிடுவேன். இன்றுவரை எல்லாமே பஞ்சிதான், அல்லது காற்று. ஆனால் ஒவ்வொரு முறையும் கதவைத் தள்ளுகிற நேரத்தில், இந்தத் தரம் வந்தது நீர்தானோ, வந்து இருந்தவுடன் நான் எழுப்பித் துரத்துகிறேனோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்தப் பயம் நெருப்புப் பயத்துக்குக் குறைந்ததில்லை.

இருந்தாலும் திறப்பேன், மச்சாள். கோபிக்காதையும். உள்ளே உம்முடைய மனுசன் படுத்திருக்கிறார், அவர் கூப்பிடமாட்டார்.