“ஆர் சொன்னது?” என்று கேட்ட உங்களுக்கு

தங்கச்சி,

இன்று காலை எனக்குக் காய்ச்சல். கொயினாக் குளிசை, அந்த மலேரியா மாத்திரை, நாக்கில் பட்டதும் அந்தக் கசப்போடு நீங்களும் வந்துவிட்டீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது.

பெரியகல்லாற்றில் மலேரியா வீட்டுக்கு வீடு ஆட்களைப் படுக்கையில் போட்ட காலம். குளிசை தின்றால் பெண்களுக்குக் கரு தங்காது என்றொரு கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா இரண்டு தரம் வந்து புத்தி சொன்னார். தலையாட்டிவிட்டு, குளிசைகளை வாவியில் கொட்டினோம். அதன் பிறகுதான் சுகாதாரப் பகுதி அனுப்பி நீங்கள் வந்தீர்கள். கூட்டமாக இருக்கும்போது மனிதர் எப்படி நினைக்கிறார்கள் என்று சீமையில் படித்தவராம். அப்படியும் ஒரு படிப்பா என்று சிரித்தோம்.

வீடு வீடாக ஒரே கேள்வி: “உங்களுக்கு இத ஆர் சொன்னது?” சொன்னவரைத் தேடிப் போவீர்கள், அவருக்குச் சொன்னவரையும் தேடிப் போவீர்கள். கடைசியில் என் வாசலில் வந்து நின்றீர்கள்.

“ஆரோ சொன்னாங்க,” என்று மழுப்பினேன். நீங்கள் வற்புறுத்தவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்களை வட்டமாக இருத்தினீர்கள். “நான் ஒண்டும் சொல்ல வரல்ல. உங்கட பயத்தச் சொல்லுங்க,” என்றீர்கள். இருந்தபடியே ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். என் சின்ன மகள் மடியில் அனலாய்க் கொதித்துக்கொண்டு கிடந்தாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினேன்.

“ஒருத்திக்குக் கரு கலஞ்சதெண்டுதான் நான் கேள்விப்பட்டன். குளிசை திண்டதாலதான் எண்டு சேத்துச் சொன்னது நான்.”

“ஏன் புள்ள அப்பிடிச் சொன்னாய்?” என்றார் பக்கத்து வீட்டு மாமி.

“பயம் மாமி.”

“எனக்கும் அதே பயம்தான்,” என்றார் மாமி. வட்டம் முழுக்க அதையே சொன்னது. “இனி என்ன செய்வம்? நீங்களே முடிவெடுங்க,” என்றீர்கள். குளிசை தின்போம் என்று முதலில் ஒரு கை உயர்ந்தது. பிறகு எல்லாக் கைகளும். அங்கேயே நீங்கள் தந்த குளிசையைப் பொடித்து மகளுக்குக் கொடுத்தேன். நாலாம் நாள் எழும்பிச் சோறு கேட்டாள்.

உங்கள் அறிக்கையைப் பெண்களின் வம்பளப்பு என்று மேலிடம் திருப்பி அனுப்பியது. நீங்கள் மாங்கேணிவரை ஊர் ஊராகப் போய் இதே வட்டத்தைக் கூட்டினீர்கள். சில வருடங்களில் அந்த மேலிடமே அப்போதிக்கரிமாரை உங்களிடம் படிக்க அனுப்பியது. முதல் வகுப்பில் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் முன்னால் இருத்தி, “எனக்குப் படிப்பிச்சது இவங்கதான்,” என்றீர்கள். கோட்டுப் போட்டவர்கள் எனக்காக எழுந்து நின்றார்கள்.

பொய் சேர்த்தவள் என்று இந்த ஊர் என்னை ஒருநாளும் சொன்னதில்லை, தங்கச்சி. “முதல்ல எழும்பினவ” என்றுதான் இன்றைக்கும் சொல்கிறது. அந்தப் பெயர் நீங்கள் வாங்கித் தந்தது. தலை நிமிர்ந்து சுமக்கிறேன்.