பிரேக்கைக் கழற்றியவர்

ஜனவரி 18, ஞாயிறு

ரங்கூனுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. அதனால் இவர் தன் வண்டியை ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் என் தம்பி வீட்டில் வைத்திருக்கிறார். இன்று மதியம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, அத்தான் ரெண்டு பிரேக்கையும் கழட்டிப் போட்டுட்டு, அறுத்த வயல்ல வட்டம் அடிக்கிறாரு."

எல்லாம் கைப்பேசியில் இவர் ஓயாமல் பார்க்கும் அந்த செக் நாட்டுப் பந்தயக்காரரால் வந்தது. பிரேக்கே இல்லாத வண்டியில் மண் தடத்தில் சறுக்கி ஓட்டுபவர். சிறிய வட்டத் தடத்தில் தொடங்கி நீண்ட தடத்துக்குப் போய், எலும்பு முறிந்தும் ஐம்பது வயதுவரை விடவில்லையாம்.

மாலைப் படகில் இவர் வீடு வந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"பிரேக் பிடிச்சா பின்னாடி வர்றவன் மோதிடுவான். அதான் அவங்க வைக்கிறதில்ல" என்றார்.

"வயல்ல உங்க பின்னாடி யாருங்க வர்றா? எருமையா?"

"அவரு அம்பது வரைக்கும் ஓட்டலையா?"

"அவரு சின்ன வயசுல ஆரம்பிச்சாரு. நீங்க போன மாசம் ஆரம்பிச்சீங்க."

கழுத்தை முறித்துக்கொண்டால் இந்த வீட்டில் யார் பார்ப்பது? வண்டிச் சாவியைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். இருபது வருடத்தில் என்னிடம் எதையும் அப்படிக் கொடுத்ததில்லை. இன்னொரு சாவி எங்கே இருக்கிறதென்று காலையில் தம்பியைக் கேட்க வேண்டும்.