நம் சமையலறை இருந்த இடத்தில் ஒரு பெஞ்சு

அடிஸ் அபாபா,
தாஹ்சாஸ் மாதம் 8 (டிசம்பர் 17).

என் கண்ணான லுலித்துக்கு,

அம்மா யெஷி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், முட்டி வலியைத் தவிர வேறு குறை இல்லை, உன் தம்பி ஹெனோக்கும் கடவுள் கிருபையில் சுகம், நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அந்த வின்னிபெக் பனியில் நோய் நொடி இல்லாமல் இருக்க மரியாளிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. விடிந்தும் விடியாமலும் கதவைத் திறந்து, இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்த உன் ஊர் ராஹேலும் கோயில்காரப் பெண்கள் இரண்டு பேரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு காபிப் பானையோடு நிற்பதைப் பார்த்ததும் உனக்குக் குலை நடுங்கியிருக்கும். நம் ஆட்கள் அந்த நேரத்தில் அந்தக் கோலத்தில் வந்தால் சாவு சொல்லத்தான் என்று உனக்குத் தெரியாதா. நீ படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று ராஹேலிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், அவளைப் போட்டுப் பிடுங்காதே. உட்கார்ந்துகொள், ஒரு வாய் காபி குடி. சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. இரண்டையும் படித்த பிறகும் நீ சொன்னபடி ஜனவரியில் திம்கத் திருவிழாவுக்கு வருவாயா, இல்லை டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாயா, அதுதான் இந்தக் கிழவியின் பயம். அந்தப் பயத்தில்தான் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சின்ன விஷயத்தை முதலில் சொல்கிறேன். பியாஸாவில் நம் வீடு இல்லை. போன மார்ச் மாதமே போய்விட்டது. நம் சந்து, ரொட்டிக்கடை முக்கு, அப்பா சவரம் பண்ணிக்கொள்ளும் கடை, ஐந்து குடும்பத்துக்கும் பொதுவான அந்த முற்றம், எதுவும் இல்லை. நகரத்தின் நடுப்பகுதியைப் புதுசாக்கப் போகிறோம், சாலை அகலமாகப் போகிறது என்று வந்து அளந்தார்கள், சுவரில் சிவப்பு மையால் குறி போட்டார்கள், நமக்கு யெக்கா அபாதோவில் அடுக்குமாடிக் கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு வீடு என்று சீட்டு கொடுத்தார்கள், நாங்களும் சட்டி பானையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம். ஒன்பது மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன் மகளே. போனில் நீ, வாசல்ல உக்காந்திருக்கியாம்மா என்று கேட்பாய், ஆமாம் கண்ணு என்பேன், நான் உட்கார்ந்திருந்தது மாடிப்படியில். என்னம்மா குரல் எதிரொலிக்குது என்பாய், முற்றத்தைக் காலி பண்ணிச் சுத்தம் செய்கிறோம் என்பேன். முகத்தைக் காட்டு என்றால் கேமரா உடைந்துவிட்டது என்பேன். ஈஸ்டருக்குத் திரைச்சீலை அனுப்புகிறேன் என்று ஜன்னல் அளவு கேட்டாயே, இடித்துப் போட்ட ஜன்னலுக்கு மனப்பாடமாக அளவு சொன்னேன். அந்தத் திரை இங்கே ஒரு முழம் நீளமாகத் தொங்குகிறது. வெட்ட மனசு வரவில்லை, ஊசி குத்தி மடித்து விட்டிருக்கிறேன்.

நீ இப்போது அழுகிறாயோ கோபப்படுகிறாயோ தெரியாது. உள்ளதைச் சொல்ல வேண்டும் இல்லையா, அந்த வீட்டில் இருந்தவரை நாம் அதைத் திட்டாத நாள் கிடையாது. மழை வந்தால் கட்டிலை இழுத்து இழுத்துப் போட்டோம். ஐந்து வீட்டுக்கும் ஒரே கக்கூஸ், அதன் முன்னால் நின்றே உனக்குப் பாதிப் பாடம் மனப்பாடமாயிற்று. இங்கே கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ராணி மாதிரி உட்காரலாம். தண்ணீர் வாரம் மூன்று நாள் வருகிறது. மாடி ஏறத்தான் லிஃப்ட் கிடையாது, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டு ஏறுகிறேன், நாலாவதற்கு வரும்போது எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டு முடித்திருப்பேன். பியாஸாவைப் பற்றிக் கேட்கிறாயா, அழகாக இருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். அசிங்கமாக ஆக்கியிருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அகலமான நடைபாதை, சைக்கிளுக்கென்று தனிப் பாதை, வரிசையாக விளக்கு, நீரூற்று, சாயங்காலம் ஆனால் பிள்ளைகுட்டியோடு ஜனங்கள் வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கல்யாண ஜோடி ஒன்று நம் வீட்டு வாசல் இருந்த இடத்தில் நின்று முத்தம் கொடுத்துக்கொண்டதை நானே பார்த்தேன். அந்த விளக்கையெல்லாம் மாட்டுவது யார் தெரியுமா, உன் தம்பிதான். மூன்று வருஷம் வேலை இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எலெக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது அங்கேதான். நம் பழைய பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சந்தையில் என்னைப் பார்த்து, உம் புள்ள வெளக்கு மாட்டணும்னுதான் எங்க கூரைய பிரிச்சாங்களா யெஷி என்று குத்தலாகக் கேட்டாள். நான் விடுவேனா, ஆமாடி, ஒங்கூட்டு ஓட்டைக் கூரையில மாட்டினா நிக்காதுன்னுதான் பிரிச்சாங்க என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் அங்கேயே கட்டிக்கொண்டு அழுதோம். ஹெனோக் வீட்டில் அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.

இனிமேல் எழுதுவதைப் படிக்கும்போது ராஹேலின் கையைப் பிடித்துக்கொள். அஸ்னாகெச் பெரியம்மா இல்லை லுலித். புதுவருஷம் கழிந்து பத்தாம் நாள், செப்டம்பரில், தூக்கத்திலேயே போய்விட்டாள். நீ ஒவ்வொரு தடவையும் பெரியம்மாகிட்ட குடும்மா என்று கேட்டாய், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னேன். கடைசித் தடவை நீ சிரித்துக்கொண்டே, பெரியம்மா இப்ப துறவியாயிட்டாளா, எப்பப் பாத்தாலும் கோயில்ல இருக்கா என்றாய். போனை வைத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே சாவு என்றால் அடுத்த நிமிஷமே போனில் சொல்லிவிடுவார்களாம், ஏன் மறைத்தீர்கள் என்று மாப்பிள்ளைகூடக் கோபிப்பார். என்னால் முடியாது. தூர தேசத்தில் தனியாக நிற்கிற பிள்ளையின் காதில், பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாத நேரத்தில், அதைப் போடுவதற்கு நாம் மனுஷர்களா. அதுவும் அவள் சாவை. பிறந்து எட்டாம் நாள் தன் பிள்ளையைப் பறிகொடுத்தவள், நான் ஜுரத்தில் பால் வற்றிக் கிடந்தபோது உன்னை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டவள். அவளுக்கு நீ ஒருத்திதான் பிள்ளை, வேறு யார் இருந்தார்கள்.

நமக்குச் சீட்டு விழுந்தது யெக்காவில், அவளுக்கு ஊரின் அந்தக் கோடியில், கோயேயில். நடுவில் மூன்று பஸ். முப்பத்தெட்டு வருஷம் ஒரே முற்றத்தில், ஒரே அடுப்பில் காபி வறுத்தவர்களுக்கு மூன்று பஸ். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதி வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்துப் பியாஸாவுக்குப் போனோம். ரொட்டிக்கடை இருந்த இடத்துக்கு எதிரே இன்னும் நிற்கிற மாதா கோயில் கோபுரத்தை அடையாளமாக வைத்து அவள்தான் அடி எண்ணினாள், இது கிணத்தடி, இது ஒன் வாசப்படி, இதுதான்டி நம்ம அடுப்பு என்று நின்றாள். அங்கே ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தோம். உன் பெரியம்மா சும்மா இருப்பாளா, பையிலிருந்து கரி, அடுப்பு, பச்சைக் காபிக் கொட்டை, பானை எல்லாவற்றையும் எடுத்துக் கடை பரப்பிவிட்டாள். காவலாளி ஓடி வந்தான், இங்க நெருப்பு மூட்டக் கூடாதும்மா என்றான், பாவம் மரியாதையாகத்தான் சொன்னான். இவள், தம்பி, நீ பொறக்குறதுக்கு முன்னாலேர்ந்து இங்க நெருப்பு எரியுது என்றாள். அவன் விடவில்லை, எல்லாவற்றையும் திரும்பப் பையில் போட்டோம். கடையில் காகிதக் கோப்பையில் வாங்கிக் குடித்தோம். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, பாத்திரம் கழுவின தண்ணி என்றாள். போகும்போது, லுலித் வரட்டும், அவள நடுவுல உக்கார வச்சிட்டு மூட்டுறேன், எவன் தடுக்கிறான் பாக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். மழைக்காலம் முடியட்டும், மறுபடி பார்க்கலாம் என்று நினைத்தோம். மழை முடிந்தது, அவளும் முடிந்தாள்.

அந்தக் காலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். கோயேயில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவள் பையில் நம் பியாஸா சாவுச் சங்கத்து அட்டையைப் பார்த்து, கொம்பு ஊதும் தெபெராவுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள். உனக்குத் தெபெரா நினைவிருக்கும், சங்கத்தில் யார் செத்தாலும் விடிகாலையில் சந்து சந்தாகத் தகரக் கொம்பை ஊதிக்கொண்டு பேரைச் சொல்லிப் போவாரே, அப்பா இறந்தபோதும் அவர்தானே ஊதினார். அவரும் இப்போது எங்கோ ஒரு மூலையில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். அந்த மனுஷன் கையில் போன் இருக்கிறது, என் நம்பரும் இருக்கிறது. ஆனால் கொம்பு ஊதாமல் போனில் சாவு சொல்வது முறையில்லை என்று, முதல் பஸ்ஸைப் பிடித்து, யாருமே குடியிருக்காத பியாஸாவுக்குப் போய் ஊத ஆரம்பித்துவிட்டார். நீரூற்றைச் சுற்றி, பூச்செடியைச் சுற்றி, சைக்கிள் பாதையில், நம் சந்துகள் எப்படி வளைந்து போகுமோ அப்படியே வளைந்து வளைந்து நடந்து, அஸ்னாகெச் போயிட்டா, சங்கத்தாரே வாங்க, அஸ்னாகெச் போயிட்டா என்று கூப்பிட்டாராம். காவலாளி வந்து, யாரைக் கூப்புடுறீங்க பெரியவரே, இங்க புல்லும் பூவுந்தான் இருக்கு என்று கேட்டதற்கு, எங்க பேரேட்டுல இந்த விலாசந்தான்யா இருக்கு, இங்க ஊதலேன்னா அவ செத்ததா ஆகாது என்றாராம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நேரத்தில் உன் தம்பி அங்கே ஏணி மேல் நின்று ஒரு விளக்கை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். கொம்புச் சத்தம் கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டானாம். போனில் எனக்கு அவன் சொன்னது ஒரே வார்த்தை, அம்மா, கொம்பு என்றான்.

அப்புறம் ஒருவருக்கொருவர் சொல்லி, நூற்றிருபது வீட்டுச் சங்கத்தில் நாற்பத்தொரு பேர் கோயேக்கு வந்து சேர்ந்தார்கள். கூடாரம் அடித்தோம், பெஞ்சு போட்டோம், மூன்று நாள் உட்கார்ந்தோம். அந்தப் பக்கத்து ஆட்கள், இந்தக் கெழவிக்கு இத்தனை சனமா என்று எட்டிப் பார்த்தார்கள். அவளுக்குப் பிள்ளை யார் என்று பாதிரியார் கேட்டார், உன் பேரைத்தான் சொன்னேன். மண் போடும்போது உனக்காகவும் ஒரு பிடி நான் போட்டேன். அதுவே சங்கத்துக்குக் கடைசி. அக்டோபரில் கூடிப் பேசி, இவ்வளவு தூரத்தில் இனி நடத்த முடியாது என்று கலைத்துவிட்டோம். அண்டாக்களையும் கூடாரத்தையும் பிரித்துக்கொண்டார்கள், எனக்கு ஒரு பெரிய குழம்புப் பாத்திரம் வந்தது, அதை நாலு மாடி தூக்கிக்கொண்டு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் துணி போட்டு வைத்திருக்கிறேன்.

இங்கே யெக்காவில் புதிதாக ஒரு சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள். போன வாரம் செயலாளர் நோட்டோடு வந்தான், சின்னப் பையன்தான், வாய் மட்டும் பெரிது. பிள்ளைகள் பேர் சொல்லுங்கம்மா என்றான், ஹெனோக், லுலித் என்றேன். லுலித் எங்க இருக்காங்க என்றான், கனடா என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட்டான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பின்னால் தனிப் பக்கமாம், எதற்கடா என்றேன், அவங்க சாவுக்கு வந்து சேர மாட்டாங்கம்மா, பணந்தான் வரும், அதான் தனியா எழுதுறோம் என்றான். அவனை அடித்திருப்பேன் லுலித். என் மகளை முன் பக்கத்தில் எழுது, திம்கத்துக்கு வருகிறாள் என்றேன். வரட்டும்மா, வந்தா எழுதிக்கலாம் என்று ஹெனோக் பேருக்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அந்த முற்றத்தில் உட்கார்ந்து, உன் பெரியம்மா கையால் காபி குடிக்கத்தான் பதினோரு வருஷம் கழித்து வருகிறேன் என்று நீ சொன்னாய். முற்றமும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. உனக்குக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது என்று இந்த மூன்று மாதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன், நாலாவது மாடியில். எனக்காக வா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், உன் தலையை மடியில் வைத்து வாரிவிட வேண்டும், பேத்தி எப்படி நடக்கிறாள் என்று பார்க்க வேண்டும். வீட்டைப் பார்க்க வர முடியாமல் போனது போகட்டும், பெரியம்மாவைப் பார்க்க வர முடியாமல் போனது போகட்டும், மூன்றாவதாக என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதே. நான் இருக்கும்போதே வா.

இப்போது எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு அந்தப் பெண்களுக்கு ஏதாவது சாப்பிடக் கொடு, இருட்டில் எழுந்து வந்திருக்கிறார்கள். அழ வேண்டுமென்றால் வாய்விட்டு அழு, அடக்காதே, குழந்தை பயந்தால் ராஹேல் பார்த்துக்கொள்வாள். மாதா உன் வாசலைக் காக்கட்டும், உன் கைக்குக் குறைவு வராமல் இருக்கட்டும், உன் வயிற்றில் பிறந்தது உன் பக்கத்திலேயே வாழட்டும். ஒன்று மறக்காதே. விமானத்தை விட்டு இறங்கி டாக்ஸியில் ஏறியதும் பழக்கத்தில் பியாஸா என்று சொல்லிவிடுவாய், அவன் கொண்டுபோய் நீரூற்றுக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போய்விடுவான். யெக்கா அபாதோ, நாற்பத்தொன்றாம் கட்டடம், நாலாவது மாடி, இடது கைப் பக்கம் இரண்டாவது கதவு என்று சொல். மாடி ஏறி வந்து தட்ட வேண்டாம், கீழே நின்று அம்மா என்று கூப்பிடு, நான் இறங்கி வருகிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
உன் அம்மா
யெஷி