மூன்றாவது டப்பா

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நன்றாக இருப்பதைத்தான் அம்மா தினமும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளே. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் பார்சலோடு இந்தக் கடிதம்.

பிள்ளைகளின் பல்லில் மாட்டும் எஃகு வளையங்களை உன் ஆராய்ச்சிக்காக நீ என்னிடம் கேட்டாய். ஒரு பிள்ளைக்கு அளவு சேராததை கிளினிக்கில் கிருமி போக ஆட்டோகிளேவ் மெஷினில் நீராவியில் வேகவைத்து அடுத்த பிள்ளைக்கு எடுக்கிறோமே, அப்படித் திரும்பத் திரும்ப வைத்தால் எச்சிலில் உலோகம் கூடுதலாகக் கசியுமா என்று பார்க்க வேண்டும் என்றாய். மூன்று டப்பா அனுப்பச் சொன்னாய்: முதல் டப்பாவில் புதியவை, இரண்டாவதில் ஒருமுறை வைத்தவை, மூன்றாவதில் ஐந்து முறை வைத்தவை.

அந்த வாரம்தான் அம்மா எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். பெரியவள் பல் டாக்டர், ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பத்து நிமிடம் அளந்தாள். சின்னவள் இங்கேதானே வேலை பார்க்கிறாள் என்று அந்தப் பெண் எடுத்துக்கொடுத்ததற்கு, ஆமாம், ஏதோ கழுவுறா என்றாள் அம்மா. அவள் படி இறங்கியதும் உள்ளே போனேன். மூன்றாவது டப்பாவிலும் புது வளையங்களையே போட்டு, ஐந்து முறை என்று சீட்டு ஒட்டினேன். உன் ஆராய்ச்சி ஊத்திக்கொள்ளட்டும் என்றுதான்.

ஊத்திக்கொள்ளவில்லை. எத்தனை முறை வைத்தாலும் வித்தியாசமே இல்லை என்று நீ எங்கள் கிளினிக்குக்குச் சந்தோஷமாக எழுதினாய். அதைப் படித்த எங்கள் பெரிய டாக்டர், மூன்று முறைக்கு மேல் போன வளையங்களைத் தூக்கிப்போடுவதையே நிறுத்திவிட்டார். போன திங்கட்கிழமை, ஏழு முறை வெந்த ஒரு வளையத்தை ஆறு வயதுப் பெண்ணுக்கு மாட்டினார்கள். உலோகம் ஒத்துக்கொள்ளாமல், தோடு போட்டாலே காது புண்ணாகும் பிள்ளை அது. தட்டில் வைத்து நீட்டியவள் நான். அதில் எவ்வளவு கசியும் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

மறுநாளே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வளையத்தைக் கழற்றிவிட்டார்கள். என் வேலை இந்த மாதக் கடைசியோடு சரி. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

பார்சலில் மறுபடியும் மூன்று டப்பாக்கள். இந்த முறை ஐந்து என்றால் ஐந்துதான். ஒவ்வொரு முறைக்கும் மெஷினில் வந்த சீட்டையும் வைத்திருக்கிறேன், என் வார்த்தையை நீ நம்ப வேண்டியதில்லை. அடுத்த மாதம் பல் டாக்டர்கள் மாநாட்டு மேடையில் அந்தப் பழைய முடிவைப் படித்துவிடாதே அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மன்னித்துவிடு என்று இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். இன்னும் உன்மேல் எரிச்சல் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் உண்மையான கணக்கோடு நீ மேடை ஏற வேண்டும். நான் பொறாமைப்படும்படியே நீ என்றைக்கும் இரு.

உன் தங்கை