வீட்டுக்கு மட்டும்

பிப்ரவரி 6

என் உம்மணாமூஞ்சிச் செல்லத்துக்கு,

உன் கடிதத்தை அரங்கத்தின் பின்னறையில் ஒற்றைச் செருப்போடு நின்றபடி படித்தேன். ஐந்து மாதமா! அடிப்பாவி, ஐந்து மாதம் எப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தாய்? நானாக இருந்தால் ஐந்து நிமிடம் தாங்கியிருக்க மாட்டேன். அதனால்தான் என்னிடம் சொல்லவில்லை என்கிறாயா? சரி சரி, நியாயம்தான். படித்த வேகத்தில் மைக் செட்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். பாவம், மனுஷர் மிரண்டு போனார்.

ஆனால் என்னை உட்கார வைத்தது உன் கடைசி வரி. உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நீ வகுப்பில் பாவாடையை நனைத்துக்கொண்ட கதையை என் சிரிப்பு நிகழ்ச்சி மேடையில் சொன்னேன். இரண்டாம் வரிசையில் உன் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு நீ என் நிகழ்ச்சிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. விடுதியிலிருந்து எழுதிய முதல் கடிதத்திலேயே வக்கீல் மாதிரி சட்டம் போட்டாய்: "நான் எழுதுறதுல எது மேடைக்கு, எது வீட்டுக்குன்னு நான்தான் சொல்வேன்." இருபத்திரண்டு வருடமாக எல்லாமே "வீட்டுக்கு"தான். வேலை, கல்யாணம், கால் உடைந்தது, எல்லாம். இப்போதுதான் முதல் தடவையாக "மேடைக்கு" என்று எழுதியிருக்கிறாய்.

பாட்டியாகப் போகிற இந்தக் கிழவிக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாதடி. போனில் சொல்லாமல் எழுதினாயே, அதுவும் நல்லது. போனில் பேசினால் மூன்றாம் நிமிடம் நமக்குச் சண்டை வந்துவிடும்.

முத்தங்களுடன்,
இஸ்திரியக்கா
(மேடையில் ஊருக்கு அக்கா, உனக்கு அம்மா)

பிப்ரவரி 20

அன்புள்ள அம்மா,

மைக் செட்காரரை விட்டுவிடு, அவருக்குக் குடும்பம் இருக்கிறது. பல் டாக்டர் எனக்காக உயரமான நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். உட்கார்ந்தபடியே கருவிகளை எடுத்துக் கொடுக்கிறேன்.

மேடைக்கு: டாக்டர் பல் ராவும் மெஷினை ஓட்டினால் உள்ளே உதைக்கிறது, நிறுத்தினால் அடங்குகிறது. நேற்று ஒரு பெரியவர் திறந்த வாயோடு என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவனுக்கும் பயமா இருக்காம்மா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு: எனக்குத்தான் பயமாக இருக்கிறது அம்மா. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உன் மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போய்ப் போய் வருகிறார். நீ ஒரு வாரம் வந்து என்கூட இரேன்.

உன்
உம்மணாமூஞ்சி

மார்ச் 17

என் தங்கமே,

தாமதத்துக்குத் திட்டாதே. அரங்கம் மாறி அரங்கம் ஓட்டம்தான். உன் குட்டிக்கு வந்த யோகம் எனக்கு ஆயுளில் வந்ததில்லை!

கேள். வழக்கம்போல முதல் வரிசையில் ஒருவருடைய சட்டையைக் கழற்றி வாங்கினேன். வங்கி மேலாளராம், பனியனோடு நெளிந்தார். தெருமுனையில் துணி தேய்த்த காலத்து இஸ்திரிப் பெட்டியால்தான் இன்றும் தேய்க்கிறேன், அது சுடுகிறவரைக்கும் என் வாயும் ஓயாது. அவர் சட்டை முடிந்ததும் இடுப்பிலிருந்து ஒரு குட்டிச் சட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தேன். உள்ளங்கை அகலம். சிரிப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

"இந்தச் சட்டைக்குச் சொந்தக்காரர் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பல. உள்ளே வாடகை கிடையாது, சாப்பாடு இலவசம், படுத்த இடத்துல வேலை. வெளியே வாடான்னா எவன் வருவான்?"

பிறகு பெட்டியைத் தூக்கிப் பிடித்து, "எப்ப வருவார்?" என்று கேட்பேன். எழுநூறு பேரும் ஒரே குரலில், "ஜூன்ல!"

தெருவில் போனால் காய்கறி விற்கிற பெண்கூட "குட்டி எப்படி இருக்காரு?" என்று கேட்கிறாள். நீ எழுதிய மெஷின் கதையை வெட்டி, மேடைச் சாமான் வைக்கிற டிரங்குப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்படியே எழுதி அனுப்பு.

வரச்சொன்னாயே, ஏப்ரல் முடியட்டும் கண்ணு, பார்க்கலாம். தேதி கொடுத்தாகிவிட்டது. பயமெல்லாம் எல்லாருக்கும் வருவதுதான். உன்னைச் சுமந்தபோது பல்லியைப் பார்த்தே அழுதவள் நான்.

இஸ்திரியக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அம்மா,

நன்றாக இருக்கிறேன். அவரும் நலம். நீ வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

மேடைக்கு: இப்போது விக்கல் எடுக்கிறது. வயிற்றின் மேல் தட்டை வைத்தால் தட்டு குதிக்கிறது.

உன் மகள்

மே 18

என் கண்ணுக்கு,

விக்கல் எடுக்கும் தட்டுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள்! நீ மேடையேறினால் என் பிழைப்பில் மண்தான்.

இருந்தாலும் ஒரு குறை. கடைசி மூன்று கடிதத்திலும் "மேடைக்கு" மட்டும்தான் இருக்கிறது. "வீட்டுக்கு" என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கென்று எதுவும் இல்லையா? தூங்குகிறாயா, கால் வீங்குகிறதா, மாப்பிள்ளை காபி போட்டுக் கொடுக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்ததுதான் எனக்கும் தெரிகிறது.

நீ வேண்டாம் என்றாலும் வருகிறேன். ஜூன் மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சியும் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. சட்டைக்காரரை நான்தான் முதலில் தூக்குவேன், சொல்லிவிட்டேன்.

இஸ்திரியக்கா

மே 24

அம்மா,

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. குழந்தை இல்லை.

மார்ச் 19ஆம் தேதி காலையிலிருந்து அசைவு இல்லை. மெஷின் ஓடியும் உதைக்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி நானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆண் குழந்தை. அவர் வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. யார் பக்கத்தில் இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அதனால் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் என் கையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை அம்மா. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. எழுநூறு பேர், ஜூன்ல. முதலில் கிழித்துப் போட நினைத்தேன். இங்கே வருகிறவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தி, "விடும்மா, இன்னொண்ணு பொறக்கும்" என்கிறார்கள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேச யாரும் இல்லை. உன் அரங்கத்தில் மட்டும்தான் அவன் இன்னும் வர வேண்டியவனாக இருந்தான். யாரோ ஒரு காய்கறிக்காரி அவனை நலம் விசாரித்தாள். நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் விக்கல் எழுதினேன். அதற்கப்புறம் கொட்டாவி, அப்புறம் குட்டிக்கரணம். உட்கார்ந்து யோசித்து யோசித்து எழுதினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி எழுத முடியாது. ஜூன் நெருங்கிவிட்டது.

இது வீட்டுக்கு. வீட்டுக்கு மட்டும்.

மே 30

என் மகளே,

உன் கடிதம் கைக்கு வந்தபோது அரங்கம் நிறைந்திருந்தது. திருப்பி அனுப்ப வழியில்லை. குட்டிச் சட்டையை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு மேடையேறினேன். யாரோ ஒருவரின் சட்டையை வாங்கித் தேய்த்தேன். என்ன பேசினேன் என்று தெரியாது, முப்பது வருடப் பழக்கம் பேசியது. முடியப்போகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அக்கா, குட்டிச் சட்டை எங்கே? எப்ப வருவார்?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் அத்தனை பேரும் கத்தினார்கள்.

அப்படியே நின்றேன். நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். கையிலிருந்த பெட்டியை எடுக்க மறந்து, அந்த மனிதரின் சட்டை கருகிப் புகைந்தது. அதற்கும் சிரித்தார்கள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அந்தச் சத்தம் எனக்கு ஆகவில்லை.

டிரங்குப் பெட்டி மூடியில் ஒட்டிய துண்டுகளைப் பார்த்தேன். பிப்ரவரிக் கடிதத்தில் மேடைக்கானதை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறேன். மிச்சக் காகிதம் பையின் மூலையில் கசங்கிக் கிடந்தது. "ஒரு வாரம் வந்து என்கூட இரேன்" என்று அதில் இருந்தது. அதைத் தேய்த்து வைத்திருக்கிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நாற்பத்தோரு மேடையில் அந்தச் சட்டையைத் தேய்த்தேன். என் பேரன் ஒரு நாள்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. டிக்கெட்டை ரத்து செய்யவில்லை, ஏறவும் போவதில்லை. எட்டாம் தேதிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். நீ "வா" என்று எழுதினால் வருவேன்.

அம்மா

ஜூன் 4

அம்மா,

வா.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. கோபம் அப்படியேதான் இருக்கிறது. உன்னைப் பார்த்தால் கத்தினாலும் கத்துவேன். பொறுத்துக்கொள்.

இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு வா, குட்டிச் சட்டையையும் கொண்டு வா. அவனைப் பற்றி ஊரே கேட்டிருக்கிறது, நான் ஒருத்திதான் கேட்கவில்லை. சமையலறை மேஜைமேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டு வைக்கிறேன். எனக்கு மட்டும், ஒரே ஒரு தடவை, முதலிலிருந்து சொல். அதற்குப் பிறகு எங்கேயும் சொல்லாதே.

"எப்ப வருவார்" என்கிற இடம் வந்தால் நிறுத்திவிடாதே அம்மா, கேள். பதில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு.

உன்
உம்மணாமூஞ்சி